சமூகப் பாதுகாப்புச் செலவும் பொருளாதார வளர்ச்சியும்: வில்லென்ஸ்கியின் கோட்பாடு – இலங்கை அரிசி மானியத்தின் வழி ஒரு திறனாய்வு

முன்னுரை

சமூகப் பாதுகாப்பிற்கு நாடுகள் செலவிடும் அளவு வேறுபடுவதற்குக் காரணம் யாது என்னும் வினாவிற்கு, ஹெரால்ட் வில்லென்ஸ்கி 1975இல் வெளியிட்ட நூலில் உறுதியான விடை அளித்தார். பொருளாதார வளர்ச்சியே மூலக் காரணம். வளர்ச்சியால் முதியோர் விகிதம் உயர்கிறது. அதனால் ஓய்வூதியச் செலவு பெருகுகிறது. ஆட்சிமுறைக்கும் கொள்கைச் சார்பிற்கும் இதில் பெரும்பங்கு இல்லை என்பது அவர்தம் முடிபு. இம்முடிபு வருமானம் குறைந்த நாடுகளுக்குப் பொருந்துமா என்பதை இலங்கையின் அரிசி மானியத்தைக் கொண்டு இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

கோட்பாட்டின் வலிமையும் எல்லையும்

முதியோர் மிகுந்த செல்வ நாடுகளில் ஓய்வூதியச் செலவு உயர்வதை இக்கோட்பாடு நன்கு விளக்குகிறது. ஆயின், வறிய நாடுகளையும் செல்வ நாடுகளையும் ஒரே காலப்புள்ளியில் நிறுத்தி ஒப்பிடும் முறை, ஒரு நாட்டினுள் செலவு கூடியும் குறைந்தும் வந்த வரலாற்றை மறைத்துவிடுகிறது.

இலங்கையின் சான்று

1931இல் சர்வசன வாக்குரிமை பெற்ற இலங்கை, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரிசிப் பங்கீட்டைத் தொடங்கியது. போர் முடிந்த பின்னரும் அது மானிய விலையில் தொடர்ந்தது. அப்போது நாடு செல்வம் மிக்கதாகவும் இல்லை. முதியோர் மிக்கதாகவும் இல்லை. 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பில் ஆகஸ்டு 12 அன்று ஹர்த்தால் நிகழ்ந்தது. அதே ஆண்டில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார்.

1977இல் பொறுப்பேற்ற அரசு வேறு வழியைக் கையாண்டது. 1978இல் பங்கீடு மக்களுள் ஏறத்தாழப் பாதியினராகிய குறைந்த வருமானத்தாருக்கு மட்டும் என வரையறுக்கப்பட்டது. 1979இல் அதற்கு ஈடாக உணவு முத்திரை வந்தது. முத்திரையின் மதிப்பு ரூபாயில் நிலையாக இருந்தமையால் விலைவாசி உயர உயர அதன் வாங்குதிறன் தேய்ந்தது. பொருளாதாரம் முன்னினும் விரைந்து வளர்ந்த அவ்வாண்டுகளில்தான் உணவு மானியத்தின் பங்கு சுருங்கியது.

மதிப்பீடு

வாக்குரிமை இரு காலத்திலும் இருந்தமையால், அது மட்டுமே இவ்வேறுபாட்டை விளக்காது. பன்னாட்டு நாணய நிதியத்தின் நெருக்குதலும் கருதத்தக்கதே. எனினும் குறைப்பு நிகழ்ந்த முறை தனிக்கவனம் வேண்டுவது. 1953இல் விலையேற்றம் எல்லாரையும் ஒருசேரத் தாக்கியது. 1978இலோ பயனாளர் முதலில் இரண்டாகப் பிரிக்கப்பட்டனர். மானியத்திற்காகக் குரல் கொடுக்கும் கூட்டம் சுருங்கிய பின்னரே அதன் மதிப்பு ஓசையின்றிக் கரைந்தது. வறியோர்க்கு மட்டும் என வகுக்கப்படும் திட்டங்கள் பொதுத் திட்டங்களைவிடக் குறைந்த ஆதரவையே பெறும் என வால்டர் கோர்ப்பியும் யோவாக்கிம் பால்மேயும் 1998இல் செல்வ நாடுகளை ஆராய்ந்து கூறியதை இச்சான்று நினைவூட்டுகிறது.

முடிவுரை

ஒரு நாட்டின் சான்று ஒரு கோட்பாட்டை முற்றிலும் வீழ்த்திவிடாது. ஆயினும், வளர்ச்சி வந்தால் பாதுகாப்பு தானே வரும் என்னும் கருத்தை, வறிய நாடுகளைக் காத்திருக்கச் சொல்லும் அறிவுரையாக மாற்றுவதற்கு இலங்கை வரலாறு இடந்தரவில்லை. செலவின் அளவோடு, அதனை இழந்தால் பாதிக்கப்படுவோர் எத்தனை பேர் என்பதையும் ஒப்பீட்டாய்வுகள் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.