அக்செரியுத்தின் பழி யாருக்கு?

ஜப்பானிய ஆர்பிஜி விளையாட்டுகளின் நாயகர்கள் பெரும்பாலும் நல்ல பிள்ளைகள். ஏதோ ஒரு கிராமத்தில் வளர்ந்திருப்பார்கள், பெரியவர்கள் சொல்லைத் தட்டமாட்டார்கள், உலகம் அழியப்போகிறது என்றால் மறுபேச்சில்லாமல் வாளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். 2005 டிசம்பரில் நாம்கோ நிறுவனம் பிளேஸ்டேஷன் 2-க்காக வெளியிட்ட ‘டேல்ஸ் ஆஃப் தி அபிஸ்’ அப்படியொரு பிள்ளையை நமக்குத் தரவில்லை. அதன் நாயகன் லூக் ஃபான் ஃபாப்ரேயுடன் முதல் சில மணி நேரம் பயணம் செய்வதற்கே பொறுமை வேண்டும்.

லூக் கிம்லாஸ்கா நாட்டுப் பிரபு ஒருவரின் மகன். பத்து வயதில் கடத்தப்பட்டு, மீட்கப்பட்டபோது நடக்கவும் பேசவும்கூட மறந்திருந்தவன். அதன்பின் ஏழு ஆண்டுகள் மாளிகைச் சுவருக்குள் அடைபட்டுக் கிடக்கிறான். வாள் கற்றுத்தரும் வான் ஒருவரைத்தான் மனிதராக மதிக்கிறான். ஒரு விபத்தில் அந்நிய நாட்டுக்குத் தூக்கியெறியப்பட்டு, எங்கேவ் என்ற கிராமத்துக்கு வருகிறான். கடையிலிருந்த ஆப்பிளை எடுத்துக் கடித்துவிட்டு நடக்கிறான். காசு கொடுக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. கூட வரும் மியூ என்ற குட்டி விலங்கை உதைக்கிறான். உடன் பயணிக்கும் நோயாளியான அயான் களைத்து நின்றால் முகம் சுளிக்கிறான். எதற்கெடுத்தாலும் சலிப்பு, எல்லார் மேலும் எரிச்சல்.

இந்த வெறுப்பை ஆக்கியோர் தெரிந்தே உண்டாக்குகிறார்கள். ஆனாலும் ஒருமுகமாக உண்டாக்கவில்லை. டார்ட்டரஸ் என்ற போர்க்கப்பலில் லூக் முதன்முறையாக ஒரு மனிதனைக் கொல்லும் இடத்தைப் பார்க்க வேண்டும். அதுவரை அரக்கப் பிராணிகளை வெட்டித் தள்ளியவன், எதிரே நிற்பது படைவீரன் என்றதும் நடுங்குகிறான். கொன்றபின் தன் கையைப் பார்த்து உறைந்துபோகிறான். நூற்றுக்கணக்கில் ஆட்களை வெட்டிச் சாய்ப்பதே பொழுதுபோக்கான ஒரு வகைமையில், இந்தக் கூச்சம் பிரபுவின் சோம்பேறி மகனுக்குத்தான் வருகிறது. பண்பட்ட தோழர்களுக்கு அது எப்போதோ பழகிப்போய்விட்டது.

பிறகு அவனுக்குப் பதவி வருகிறது. மால்குத் பேரரசின் சுரங்க நகரமான அக்செரியுத்தை நச்சுப்புகை சூழ்ந்திருக்கிறது. மால்குத் பக்கத்துச் சாலை அடைபட்டுப்போனதால், சமாதானத்தின் பெயரில் கிம்லாஸ்காவிடம் உதவி கேட்கிறார்கள். அரசர் தன் தூதுவராக லூக்கை அனுப்புகிறார். பதினேழு வயதுப் பையனிடம் ஒரு நகரத்தின் உயிர் ஒப்படைக்கப்படுகிறது. உன்னிடமுள்ள அபூர்வ சக்தியால் அந்தப் புகையை நீக்கலாம், நீக்கினால் வீரனாவாய், மாளிகைச் சிறையிலிருந்தும் விடுதலை என்று வான் தனியே ஆசை காட்டுகிறார். லூக் அதை யாரிடமும் சொல்வதில்லை. வழியில் அயான் கடத்தப்பட்டபோதுகூட, அவரை மீட்பதால் பயணம் தாமதமாகிறதே என்றுதான் கவலைப்படுகிறான். ஊர் போய்ச் சேர்ந்ததும், நச்சுக் காற்றில் சுருண்டு கிடக்கும் சுரங்கத் தொழிலாளிகளை அருவருப்போடு பார்க்கிறான். வான் சொன்ன இடத்தில் சக்தியை விடுக்கிறான். நகரைத் தாங்கிநின்ற தூண் உடைகிறது. அக்செரியுத் நிலத்தடிச் சேற்றுக் கடலில் விழுகிறது. ஆயிரக்கணக்கானோர் சாகிறார்கள். ஒரு சிறுவன் நம் கண்முன்னே மூழ்குகிறான்.

அப்போதும் லூக் சொல்வது ஒன்றுதான்: என் மேல் தப்பில்லை, வான் சொன்னார், செய்தேன். கப்பல் தளத்தில் தோழர்கள் ஒவ்வொருவராக முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். உதைபட்ட மியூ மட்டும் பக்கத்தில் நிற்கிறது.

காட்சியாக இது அபாரம். எனக்குத் தெரிந்து, பெரிய வணிக விளையாட்டு எதுவும் தன் நாயகனை இவ்வளவு தாழ்வாக நிறுத்தியதில்லை. அதைவிடத் துணிச்சலானது அடுத்துச் செய்வது. லூக் நினைவிழந்து கிடக்க, ஆட்டம் அவனை நம் கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது. அதே முகம், அதே சிவப்பு முடி கொண்ட ஆஷ் என்பவனை நாம் இயக்குகிறோம். ஆஷ்தான் உண்மையான லூக்; நம் ஆள் ஏழு ஆண்டுகளுக்குமுன் உருவாக்கப்பட்ட நகல். ஆஷ் வேகமாக முடிவெடுக்கிறான், வழி தெரிந்து நடக்கிறான், தோழர்களும் அவனோடு தடையில்லாமல் ஒத்துழைக்கிறார்கள். லூக் அவன் மனத்துக்குள்ளிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறான். தான் இல்லாமலே காரியம் நன்றாக நடக்கிறது என்பதைப் பார்ப்பதைவிடப் பெரிய தண்டனை ஒரு தலைவனுக்கு உண்டா? இதை வசனமாக எழுதியிருந்தால் சப்பென்று போயிருக்கும். நம் விரல்களுக்கே வேறொருவனைப் பழக்கியதால் சுடுகிறது. இருவருக்கும் குரல் கொடுத்தவர் ஒருவரே: ஜப்பானிய மொழியில் சிஹிரோ சுசுகி, ஆங்கிலத்தில் யூரி லோவன்தால்.

கண்விழித்த லூக் தன் நீண்ட முடியை அறுத்தெறிந்து, மாறிக்காட்டுகிறேன், என்னைக் கவனித்துக்கொண்டிரு என்று பயணத் தோழி டியரிடம் கேட்கிறான். ரசிகர்கள் கொண்டாடும் காட்சி இது. எனக்கு இதில் பாதி ஒப்புதல்தான். முடியை வெட்டிய மறுகணமே பேச்சும் பணிவும் மாறிவிடுகின்றன. முந்தைய இருபது மணி நேரத்தில் அங்குலம் அங்குலமாகக் காட்டிய குணம் ஒரே இரவில் கழன்று விழுவதை நம்பச் சிரமமாக இருக்கிறது. அதோடு, ஒருவனுடைய திருத்தத்துக்கு ஒரு பெண்ணைக் கண்காணிப்பாளராக நியமிப்பது இந்த வகைக் கதைகளின் பழைய சோம்பல். டியருக்குத் தன் அண்ணன் வானையே எதிர்க்கவேண்டிய சொந்தத் துயரம் இருக்கிறது. அதைத் தள்ளிவைத்துவிட்டு அவள் லூக்கை மதிப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் சிகை வெட்டலுக்குப் பின்னால் வருவதில் கதை மீண்டும் நிமிர்கிறது. ஆட்டத்தின் கதைச்சுருக்கப் பக்கங்கள் லூக்கின் நாட்குறிப்பாக, அவன் நடையிலேயே எழுதப்பட்டவை. நினைவிழந்தவன் என்பதால் எழுதிவைக்கும் பழக்கம். முதல் பக்கங்களில் சிணுங்கல், குற்றச்சாட்டு. பிற்பாடு மற்றவர்களின் வலி பக்கங்களில் இடம்பிடிக்கிறது. பலர் புரட்டாமலே கடந்துவிடும் அந்த மூலையில்தான் வளர்ச்சி மெதுவாக நடக்கிறது. செயலிலும் ஒரு நேர்த்தியான எதிரொலி உண்டு. மற்ற நிலப்பகுதிகளும் இடிந்து விழத் தொடங்கும்போது, அன்று ஆப்பிள் எடுத்த அதே எங்கேவ் கிராமத்து மக்களைப் போர்க்களத்தின் நடுவே நடத்திக் கூட்டிப்போகும் பொறுப்பு லூக்குக்கு வருகிறது. படைகளைத் தவிர்த்து, கிழவர்களும் குழந்தைகளும் நடக்கும் வேகத்தில் நாமும் நடக்க வேண்டும். அக்செரியுத்துக்கு முந்திக்கொண்டு ஓடியவன் இப்போது பின்தங்குபவர்களுக்காக நிற்கிறான். யாரும் இதைச் சுட்டிக்காட்டிப் பிரசங்கம் செய்வதில்லை, அதனாலேயே பிடிக்கிறது.

இனி என் வழக்குக்கு வருகிறேன். அக்செரியுத்தில் நடந்தது யாருடைய குற்றம்?

கதை முழுவதும் சிதறிக்கிடக்கும் தகவல்களை ஒன்றுசேர்த்தால் விடை அசௌகரியமானது. யூலியா என்ற பெண் ஈராயிரம் ஆண்டுகளுக்குமுன் உரைத்த ‘ஸ்கோர்’ என்னும் ஆரூடத்தின்படி அந்த உலகம் நடக்கிறது. சுரங்க நகரோடு அந்த இளைஞனும் அழிவான், அதன்பின் கிம்லாஸ்கா செழிக்கும் என்பது ஆரூடம். அரசருக்கு அது தெரியும். லூக்கின் தந்தைக்கும் தெரியும். தெரிந்தே அனுப்பினார்கள். மகனை நெருங்காமல் தந்தை ஏழு ஆண்டுகள் ஒதுங்கியிருந்ததன் காரணமும் இதுதான். ஜேட் என்ற மால்குத் ராணுவ அதிகாரி, நகலெடுக்கும் தொழில்நுட்பத்தையே கண்டுபிடித்தவர். லூக் யாரென்று அவருக்கு முன்பே ஐயம் இருந்தது. வாய் திறக்கவில்லை. சக்தியை வெடிக்கவைத்ததோ, லூக்கின் மனத்தில் வான் முன்கூட்டியே ஊன்றிவைத்திருந்த மந்திரச்சொல். எல்லாவற்றுக்கும் மேலாக, லூக் நகலாகப் பிறந்து ஏழு ஆண்டுகள்தான் ஆகின்றன. கூட்டாகக் கைவிடப்பட்டவன் ஓர் ஏழு வயதுக் குழந்தை.

மந்திரச்சொல்லால் இயக்கப்பட்டவன் குற்றவாளியா? கதாசிரியர்கள் இந்தக் கேள்வியில் இரண்டு பக்கமும் காய் நகர்த்துகிறார்கள். அவன் முழுக்க வெறுக்கப்படவும் வேண்டும், பிற்பாடு முழுக்க மன்னிக்கப்படவும் வேண்டும். ஆகவே குற்றம் செய்யும் வேளையில் அவன் விருப்பத்தோடு செய்ததுபோல் காட்டிவிட்டு, தப்பிக்க ஒரு சன்னலையும் திறந்துவைக்கிறார்கள். லூக் செய்த மெய்யான தவறு வேறு: ரகசியம் காத்தது, கூட இருந்தவர்களைக் கலந்துகொள்ளாதது, சாகிறவர்களைப் பார்த்து மூக்கைப் பொத்தியது. தலைவனாக அவன் தோற்றது அங்கே. அதற்கான பாடத்தை எங்கேவ் பயணம் சொல்கிறது. நகரம் விழுந்ததற்கான பொறுப்பை ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து பகிர்ந்துகொள்ள வேண்டியவர்கள் பலர். அரசர் பின்னால் மனம் மாறுகிறார், தந்தை வருந்துகிறார், ஜேட் தன் பங்கை உணர்கிறார். ஆனால் எவரையும் எவரும் கப்பல் தளத்தில் தனியே விட்டுவிட்டுப் போவதில்லை.

இதன் விளைவு இறுதிப்பகுதியில் தெரிகிறது. ரெம் கோபுரத்தில் நச்சுப்புகையை நீக்க ஓர் உயிரும் பத்தாயிரம் நகல் மனிதர்களும் பலியாக வேண்டும் என்று ஆகும்போது, லூக் முன்வருகிறான். செத்தாவது பழியைத் தீர்க்க வேண்டும் என்ற அவன் துடிப்பைத் தோழர்கள் திட்டுகிறார்கள், கதையும் அதை நோய் என்றே அடையாளம் காண்கிறது. அதுவரை சரி. பிறகு அதே கதை அவனைக் கோபுரத்தில் ஏற்றி, அந்தத் தியாகத்துக்கு மோட்டோய் சகுராபாவின் இசையையும் வாரி வழங்குகிறது. பத்தாயிரம் நகல்களோ பெயரில்லாமல் கரைந்துபோகிறார்கள். பிறந்ததன் பொருளை அறியும் ஆர்பிஜி என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட ஆட்டம், அந்தப் பத்தாயிரம் பேர் பிறந்த பொருளைக் கேட்க அதிக நேரம் ஒதுக்கவில்லை.

இதே வழியில் பின்னால் வந்த ஒருவனை இங்கே நிறுத்திப் பார்க்கலாம். 2019-இல் நிண்டெண்டோ ஸ்விட்சில் வந்த ‘ஃபயர் எம்ப்ளம்: த்ரீ ஹவுசஸ்’ ஆட்டத்தின் இளவரசன் டிமிட்ரி. பழிவெறியில் தன் படையை எதிரியின் தலைநகர் நோக்கி இழுத்துச் செல்பவன். தந்தைபோல் இருந்த ராட்ரிக் அவனுக்கு வந்த கத்தியைத் தாங்கிச் சாகும்போதுதான் விழிக்கிறான். திருப்பம் மிகச் சுருக்கம், ஒரு சாவையும் ஒரு மழைக்காட்சியையும் வைத்து முடித்துவிடுகிறார்கள். லூக்கின் நாட்குறிப்பு போன்ற பொறுமை அங்கே இல்லை. ஆனால் ஒன்றில் டிமிட்ரியின் கதை முந்துகிறது. திருந்தியவன் செய்யும் முதல் வேலை, படையின் திசையை மாற்றி, ஆக்கிரமிப்பில் தவிக்கும் தன் தலைநகர் ஃபிர்தியாதை மீட்கப் போவது. தலைவனின் மனமாற்றத்தை அவனுடைய முடிவால் அளக்கிறார்கள், சாகத் தயாராக இருப்பதால் அளக்கவில்லை. அதே டிமிட்ரி, நாம் வேறு அணியைத் தேர்ந்தெடுத்தால் திருந்தாமலே சாகிறான் என்பதும் கசப்பான உண்மை.

‘அபிஸ்’ஸிலேயே அப்படியொரு தலைவி இருக்கிறாள்: இளவரசி நட்டாலியா. தான் அரசரின் சொந்த மகள் அல்ல என்று வெளிப்பட்டு, உயிருக்கே ஆபத்து வரும்போது, தலைநகர மக்கள் காவலர்களை மறித்து நின்று அவளைக் காக்கிறார்கள். அவள் அவர்களுக்காகச் செய்திருந்த பணிகள் அன்று பேசின. பிறப்பு பொய்யானாலும் உழைப்பு பொய்யாகவில்லை. லூக்கின் கண்ணீருக்குக் கொடுத்த நேரத்தில் பாதியை இவளுக்குக் கொடுத்திருந்தால் கதையின் அரசியல் இன்னும் திடமாக இருந்திருக்கும். மூன்றாம் பகுதியில் பார்த்த இடங்களுக்கே திரும்பத் திரும்ப அலையவைத்த நேரத்தையாவது கொடுத்திருக்கலாம்.

ஒரு பையன் மனிதனாகும் கதையாக ‘டேல்ஸ் ஆஃப் தி அபிஸ்’ இன்றும் முதல் வரிசையில்தான் நிற்கிறது. ஒரு தலைமை எப்படித் தோற்றது என்பதற்கான விசாரணையாக அது பாதியில் எழுந்து போய்விடுகிறது. 2011-இல் நிண்டெண்டோ 3டிஎஸ்ஸிலும் வந்த ஆட்டம் இது. ஆடப்போகிறவர்கள் தொடக்கத்தில் லூக்கைப் பிடிக்கவில்லை என்று நிறுத்திவிட வேண்டாம், நாட்குறிப்பைப் படிக்காமல் கடந்துவிடவும் வேண்டாம். அந்தக் கப்பல் காட்சியில் தோழர்கள் வழங்கும் தீர்ப்பை மட்டும், அரசரையும் தந்தையையும் ஜேடையும் விசாரிக்காமல் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.