பெரியவர்களிடம் சொன்ன பிறகு

"சொன்னா போனைப் புடுங்கிப்பாங்களேக்கா. அப்புறம் எப்படிப் படிக்கிறது?"

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப் பெண்பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் படிக்க வருவார்கள். அன்று கணக்கை ஒதுக்கிவிட்டு, இணையப் பாதுகாப்பு குறித்து மத்திய உள்துறை அமைச்சகம் 2018இல் மாணவர்களுக்காக வெளியிட்ட கையேட்டை அவர்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். தொந்தரவு என்றால் பெற்றோரிடமோ பெரியவர்களிடமோ உடனே சொல்லிவிடு என்று அது அறிவுறுத்தும் இடம் வந்ததும் பத்தாவது படிக்கும் ஒருத்தி இப்படிக் கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். இதுகூடத் தெரியாமல் நீயெல்லாம் டியூஷன் எடுக்கிறாயா என்கிற சிரிப்பு. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

அந்தக் கேள்வியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையேட்டை மறுபடி வாசித்தேன்.

மோசமான கையேடு இல்லை அது. பழகிய கொஞ்ச நாளிலேயே ஒருவர் உன் அழகைப் பற்றியே புகழ ஆரம்பித்தால் உஷாராக இரு, எதிராளி தன் கேமராவைப் போடாமல் உன்னை மட்டும் போடச் சொன்னால் போடாதே, இந்தப் பேச்சு நமக்குள்ளேயே இருக்கட்டும் என்று யாராவது சொன்னால் அதுவே அபாயம் என்று புரிந்துகொள். இதையெல்லாம் எழுதியவருக்கு, வலை விரிப்பவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது. நான் பதினைந்து வயதில் இருந்தபோது இதில் பாதியை யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்போது எங்கள் வீட்டில் இருந்தது ஒரு தரைவழித் தொலைபேசி. அதற்கும் பூட்டு.

என் சிக்கல் அந்தக் கையேடு 'நீ' என்று யாரைக் கூப்பிடுகிறது என்பதில். அந்த 'நீ'க்குச் சொந்தமாகப் போன் இருக்கிறது. கடவுச்சொல்லை யாருக்கும் சொல்லாமல் வைத்திருக்க முடிகிறது. கதவைச் சாத்திக்கொள்ள ஒரு அறை இருக்கிறது. தொந்தரவு வந்தால் போய்ச் சொல்ல, நம்புகிற ஒரு அம்மாவும் அப்பாவும் இருக்கிறார்கள்.

எங்கள் தெருவில் போன் அண்ணனுடையது. ஊரடங்கில் பள்ளிக்கூடமே அந்தப் போனுக்குள் வந்தபோது, அண்ணன் குளிக்கும் நேரமும் சாப்பிடும் நேரமும்தான் தங்கைக்கு வகுப்பு நேரம். மகளிர் உரிமைத்தொகைத் திட்டத்தை 2023 செப்டம்பர் 15 அன்று முதல்வர் எங்கள் ஊரில்தான் தொடங்கிவைத்தார். ஆயிரம் ரூபாய் வந்துவிட்டது என்ற குறுஞ்செய்தியைக்கூட எங்கள் தெருவின் பல அம்மாக்களுக்கு மகன்தான் வாசித்துச் சொன்னான். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஒரு முறையாவது இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் இந்தியப் பெண்களில் 33.3 சதவீதம், ஆண்களில் 57.1 சதவீதம். அந்த 33க்குள் எத்தனை பேர் கடன் வாங்கிய போனில் பயன்படுத்தினார்கள் என்பதை அந்த எண் சொல்லாது. இந்த வீடுகளில் ஒரு பெண்பிள்ளை கடவுச்சொல் வைத்தாலே குற்றம். "எதை மறைக்கிற?" என்பதுதான் முதல் கேள்வி. கடவுச்சொல்லைப் பகிராதே என்ற நல்ல அறிவுரை இங்கே வந்ததும் அடிவாங்கித் தருகிற அறிவுரை ஆகிவிடுகிறது.

தறி இருக்கும் வீட்டைப் பார்த்திருக்கிறீர்களா? முன்கூடம் முழுக்கத் தறி. மிச்ச இடத்தில் சமையல், படுக்கை, படிப்பு எல்லாம். கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா வேண்டும். உடலுக்கும் ஒரு கரைக்கும் தறிக்குழியில் உட்கார்ந்திருப்பவர் பார்த்துக்கொள்வார். இன்னொரு கரைக்கான நாடாவை எறியப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். பல காலம் அந்த ஆள் ஒரு பிள்ளைதான். ஒன்பது வயதில் விடுமுறை நாட்களில் நானும் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். முன்பணக் கடனுக்காக அடுத்தவர் தறியில் உட்கார்ந்த பிள்ளைகளும் இருந்தார்கள். பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாக இருந்த குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் வெளியிட்ட அறிக்கையில் எங்கள் ஊரும் இருக்கிறது.

இந்தப் பழைய கதையை இழுப்பதற்குக் காரணம் உண்டு. தறியிலிருந்து பிள்ளைகளை எழுப்ப வேண்டும் என்று வந்தபோது, "தறிப்பக்கம் போகாதே, முதலாளியிடம் ஜாக்கிரதையாக இரு" என்று பிள்ளைகள் கையில் யாரும் கையேடு கொடுக்கவில்லை. 1986இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் வேலைக்கு வைத்தவரைக் கேள்வி கேட்டது. (குடும்பமாகச் செய்கிற தொழிலுக்கு அந்தச் சட்டமும் விலக்கு கொடுத்தது. அதுவும் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது.) இணையம் என்று வந்ததும் பொறுப்பு மொத்தமும் பிள்ளையின் தலையில் ஏறுகிறது. ஜாக்கிரதையாக இரு, படம் போடாதே, தெரியாதவரோடு பேசாதே. அதிலும் பெண்பிள்ளை என்றால், பாட்டி 'தெருவில் நிற்காதே' என்று சொன்ன அதே குரல்.

சொன்னால் என்ன ஆகும் என்று மாடியில் அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. சில வருடங்களுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு பெண் சொன்னாள். அண்ணனின் நண்பன் ஒருவன் இரவில் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தான். அவளுடைய முகத்தை ஒட்டிய ஒரு படத்தையும் அனுப்பினான். அவள் கையேடு சொன்னபடியே செய்தாள், கையேட்டைப் பார்க்காமலே. போன் போனது. அடுத்த வாரம் பள்ளிக்கூடமும் போனது. வைகாசியில் கல்யாணம். அவன் இன்றும் எங்கள் தெருமுனை டீக்கடையில்தான் நிற்கிறான். என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்கிறான்.

2016 ஜூனில் சேலம் மாவட்டம் இளம்பிள்ளை அருகே நெசவுக் குடும்பத்து இளம்பெண் ஒருவர் இறந்துபோனார். 21 வயது. அவருடைய முகத்தை ஒட்டிய படங்களை யாரோ முகநூலில் போட்டிருந்தார்கள். குடும்பம் காவல்துறையிடம் போனது, விசாரணை இழுத்தது, புகாரை விசாரிக்கச் செல்போனை லஞ்சமாக வாங்கியதாகக் காவலர் ஒருவர் மீது நடவடிக்கை வந்தது. இவையெல்லாம் அப்போது செய்தியாக ஓடின. எனக்குள் நின்றுவிட்டது வேறொன்று. பெற்றவர்களே தன்னை நம்பவில்லை என்று அவர் எழுதிவைத்திருந்தார். அந்தப் பெற்றோரை நான் குறை சொல்லவில்லை. போலிப் படம் எப்படித் தயாராகிறது என்று அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அவர்களுக்கென்று யார் கையேடு போட்டார்கள்?

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2021 மே மாதம் சென்னையின் பெயர்பெற்ற பள்ளி ஒன்றில் ஆசிரியர் ஆன்லைன் வகுப்பில் நடந்துகொண்ட விதமும் பல வருடப் பழைய புகார்களும் வெளியே வந்தன. வந்தது இன்ஸ்டாகிராம் வழியாக. முன்னாள் மாணவிகளும் இந்நாள் மாணவிகளும் ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி எழுதினார்கள். போக்சோவில் ஆசிரியர் கைதானார். வேறு பள்ளிகளிலிருந்தும் குரல்கள் எழுந்தன. ஆன்லைன் வகுப்புகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று அரசு அறிவித்தது. எந்த இடம் ஆபத்து, போகாதே என்று சொல்கிறோமோ, அந்த இடத்தில்தான் அவர்களை நம்ப ஆள் கிடைத்தது. போனைப் பிடுங்குகிறபோது ஆபத்தோடு சேர்த்து இந்த வழியையும் பிடுங்கிவிடுகிறோம்.

நம் மொழியும் இதில் சும்மா இருக்கவில்லை. "சிறுமியின் ஆபாசப் படம்" என்று செய்தித்தாள்கள் கூசாமல் எழுதுகின்றன. ஆபாசம் யாருடையது? அந்தச் சொற்றொடரில் அது சிறுமியிடம் போய் ஒட்டிக்கொள்கிறது. சிறார் ஆபாசப் படத்தைத் தனியாக இறக்கிப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2024 ஜனவரியில் ஒரு வழக்கை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று அந்தத் தீர்ப்பைத் தள்ளியதோடு, 'சிறார் ஆபாசப் படம்' என்ற பெயரையே நீதிமன்றங்கள் விட்டுவிட வேண்டும் என்றது. குழந்தையைச் சுரண்டி, வன்கொடுமை செய்த பதிவு என்ற பொருளில் வேறு பெயரைத் தந்தது. தமிழில் இன்னும் பழைய பெயர்தான். இந்தப் பெயரைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, தன் படத்தைப் பற்றி அம்மாவிடம் எந்தச் சொல்லை வைத்துப் பேசும்?

கையேட்டில் ஒரு பக்கம் சேர்க்கச் சொன்னால், அதைக் கேட்பவருக்கு எழுதுவேன். மகள் வந்து சொன்னால் முதலில் போனைத் திருப்பிக் கொடுங்கள். செய்திகளை அழிக்காதீர்கள், அவைதான் சாட்சி. 'நீ ஏன் பேசினே' என்று கேட்காதீர்கள். 1098 குழந்தைகளுக்கான உதவி எண். மத்திய அரசின் இணையக் குற்றப் புகார்த் தளத்தில், குழந்தைகள் மீதான பாலியல் குற்றப் பதிவுகளைப் பற்றிப் பெயர் சொல்லாமலே புகார் தரலாம். 'டேக் இட் டவுன்' என்று ஒரு இலவசச் சேவை இருக்கிறது. 18 வயதுக்குக் கீழ் எடுத்த அந்தரங்கப் படம் என்றால், படத்தை யாருக்கும் அனுப்பாமல், அதன் கைரேகை போன்ற ஒரு குறியீட்டை மட்டும் போனிலேயே உருவாக்கிக் கொடுக்கும். அதை வைத்து இன்ஸ்டாகிராம், முகநூல் போன்ற தளங்கள் அந்தப் படத்தைத் தேடி எடுத்துவிட முடியும்.

இதை மாடியில் சொல்லிக்கொண்டிருந்தபோது, கேள்வி கேட்டவளின் அம்மா அவளைக் கூட்டிப்போக வந்து படியிலேயே நின்றுவிட்டார். மடியில் பட்டுநூல் தும்பு ஒட்டியிருந்தது. கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு என்னைப் பார்க்காமல், கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அந்த நம்பர் இன்னொரு வாட்டி சொல்லுமா. பேரு சொல்ல வேணாம்னியே, அதுவும் எங்கன்னு எழுதிக் குடு."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். நான் நோட்டிலிருந்து தாளைக் கிழித்தேன்.