தீவகத் தக்காளி: பழுக்கும் பருவமும் சுவைக்கும் முறையும்

வீட்டுத்தோட்டத்துத் தக்காளி எப்போது பழுக்கும், எப்போது சுவை ஏறும் என்ற கேள்விகளுக்கு யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் கிணறுதான் பாதி விடையைத் தருகிறது. வேலணை, ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய இடங்களில் ஆறு எதுவும் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரி மழை சுண்ணாம்புக்கல்லின் இடுக்குகளில் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய படலமாகத் தங்குகிறது. நிலவியலாளர் நன்னீர் வில்லை எனக் குறிப்பிடும் இப்படலம், தீவின் நடுவே தடித்தும் கரையோரம் மெலிந்தும் இருப்பதோடு, தை, மாசி, பங்குனி எனக் காலம் நகர நகரச் சுருங்குவதால், கிணற்று நீரிலும் சிறிது சிறிதாக உவர் ஏறுகிறது. கடும் மழை தணிந்தபின் நடப்படும் தக்காளி நாற்று பூத்துக் காய்த்துப் பழுப்பது இந்த மாற்றத்தின் நடுவில்தான். ஆகவே ஒரே செடியின் முதற்கொத்தும் கடைசிக்கொத்தும் இருவேறு நீரில் விளைந்தவை.

வேரைச் சுற்றிய நீரில் உப்பு மிகும்போது செடியால் அதை எளிதில் உறிஞ்ச முடிவதில்லை. பழத்துக்குச் சேரும் நீர் குறைய, பழம் சிறுத்து, அதனுள்ளிருக்கும் சர்க்கரையும் புளிப்பும் செறிகின்றன. சிசிலித் தீவின் பக்கீனோவிலும் இஸ்ரேலின் நெகேவ் பாலைநிலத்திலும் உவர்நீர் பாய்ச்சி விளைவிக்கப்படும் தக்காளி பேர்பெற்றது இக்காரணத்தால்தான். அங்கே பெருமையாகக் கொள்ளப்படும் அதே பண்பை, தீவகத்துச் சிறுபழத்தில் மட்டும் குறையாகக் கருதி ஒதுக்குவது பெரிய இழப்பு. உவர் அளவு கடந்தால் தீங்கு உண்டு என்பதும் உண்மையே: காயின் அடிப்பாகம் கறுத்து, தோல் பதனிட்டதுபோல் இறுகி உள்வாங்கும். இது கிருமியால் வருவதன்று. கல்சியம் நீரோடு மட்டுமே பயணிப்பது என்பதால், நீரோட்டம் தடைப்படும்போது சுண்ணாம்பு நிறைந்த மண்ணில் நிற்கும் செடியின் காய்க்கும் அது போய்ச் சேராமையால் வருவது.

பழுத்தலைக் கவனித்து அறிய விரும்புவோர் பூவிலிருந்தே தொடங்க வேண்டும். பூ கருவுற்றபின் ஏறத்தாழ ஆறு, ஏழு வாரங்களில் பழம் கிடைக்கிறது. அதிற் பெரும்பகுதி காய் பருப்பதிலேயே கழிகிறது. முற்றாத காயைக் குறுக்காக வெட்டினால் விதைகளும் துண்டாகும். முற்றிய காயிலோ விதைகளைச் சுற்றி வழுவழுப்பான கூழ் திரண்டிருப்பதால், அவை கத்திக்கு நழுவி விலகிக்கொள்ளும். அதன்பின் எதிலீன் என்னும் வாயுவைக் காய் தானே சுரக்க, முதலில் உட்கூழும், பிறகு வெளியே அடிநுனியும் நிறம் மாறுகின்றன. அடிநுனியில் வெளிறிய மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ தோன்றும் சிறு விண்மீன் வடிவமே பழுத்தலின் முதல் வெளிக்குறி. அங்கிருந்து முழுச் சிவப்புக்கு ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். காம்பைச் சுற்றிய தோள் கரும்பச்சையாக இருக்கும் காயைக் குறையுள்ளதாக எண்ணத் தேவையில்லை. அந்தப் பச்சையம் காயிலேயே சர்க்கரை ஆக்குகிறது என்பதையும், சீரான நிறத்துக்காகத் தெரிந்தெடுக்கப்பட்ட இரகங்கள் அந்த ஆற்றலில் ஒரு பகுதியை இழந்தன என்பதையும் 2012 இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது.

பழுத்தபின்னும் தோள் மஞ்சளாகவே நிற்பது வேறு செய்தி. சிவப்பைத் தரும் லைக்கோபீன் என்ற நிறமி 20 முதல் 25 பாகை செல்சியஸ் வரையில் நன்கு உருவாகி, 30 பாகைக்கு மேல் தடைப்படுகிறது; மஞ்சள் தரும் கரோட்டீனோ அவ்வெப்பத்திலும் தொடர்ந்து உருவாகிறது. நேர்வெயிலில் நிற்கும் பழம் சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாகிவிடுவதால், பங்குனி வெயிலில் இலைகளைக் கழித்துவிட்ட செடியின் பழங்கள் செம்மஞ்சளோடு நின்றுவிடுகின்றன. அக்காலத்தில் அடிநுனி நிறம் மாறியதுமே பறித்து, வீட்டினுள் நிழலில் பழுக்க விடுவதே நல்லது. அந்நிலையை எட்டிய காய் சுவையில் அதிகம் இழக்காமலே பழுத்துவிடும்.

1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் தம் நகரங்களின் பெயர்களைத் தீவுகளுக்கு இட்டபோது நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆயிற்று, நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரை அடுத்த வெஸ்ட்லாண்ட் வட்டாரம் இன்று கண்ணாடிக்கூடத் தக்காளிக்குப் பேர்போனது. குளிர்காலத்தில் சூடேற்றியும் விளக்கேற்றியும் அங்கே பருவத்தையே நீட்டுகின்றனர். கூடத்தினுள் காற்று வீசாமையால் பூக்களை அதிரச்செய்து மகரந்தம் உதிர்க்க 1980களின் பிற்பகுதி முதல் பெருந்தேனீக்களைப் பயன்படுத்துகின்றனர். சுவை கூட்டுவதற்காக ஊட்டக் கரைசலின் உப்புச்செறிவை வேண்டுமென்றே உயர்த்தவும் செய்கின்றனர். தீவகத்தில் அதிர்வை வாடைக்காற்றும் உப்பைக் கிணறும் செலவின்றித் தருகின்றன.

நுவரெலியாக் குளிரில் பயன்படும் பொலித்தீன் கூடத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால் உள்வெப்பம் பூவை உதிர்த்துவிடும். தீவகத்துக்குப் பொருந்துவது பக்கங்களில் காற்றோட்டம் உள்ள வலைக்கூடமே. இலைச்சுருள் நோயைப் பரப்பும் வெள்ளை ஈயை அது தடுக்கிறது, ஆனால் காற்றின் வேகமும் தணிவதால் காலையில் பூங்கொத்துகளை விரலால் மெல்லத் தட்டிவிட வேண்டும். நேர்வெயில் படாமையால் வலையினுள் பழுத்தது நிறம் சீராக இருக்கும். அதே கிழமையில் வெளியே பழுத்ததையும் வெட்டி அருகருகே சுவைத்தால், வெயில் சுவையில் செய்யும் வேறுபாடு நாவுக்கு எட்டும். நெடுந்தீவில் வளவுகளைச் சூழ்ந்த பவளக்கல் மதில்கள் காற்றை மறித்து, ஆட்டையும் மாட்டையும் விலக்கி, கூடம் இல்லாமலே பாதிக் காவலைத் தந்துவிடுகின்றன.

நீர்ச்சத்து மிகுந்த முதற்கொத்துப் பழம் சொதிக்கு ஏற்றது. பிந்திய கொத்தின் சிறுபழத்தைச் சமைக்காமல், உப்பும் தூவாமல், அறைவெப்பத்திலேயே கடித்துப் பார்க்க வேண்டும். முதலில் புளிப்பும் தொடர்ந்து இனிப்பும் எழுந்து, மென்று விழுங்கியபின் மணம் மூக்கின் உள்வழியாக ஏறும். குளிர்சாதனப் பெட்டியில் பல நாள் வைத்த பழத்தில் அந்த மணம் குன்றும்; மணத்தை ஆக்கும் மரபணுக்களின் செயலைக் குளிர் அடக்குவதும், வெளியே எடுத்தபின் அது முழுதாக மீளாததும் 2016 இல் ஆய்வால் உறுதிப்பட்டன.

சித்திரையில் இரவு வெப்பம் 25 பாகையைத் தாண்டும்போது மகரந்தம் வலுவிழந்து பூக்கள் உதிரத் தொடங்குகின்றன. அத்தோடு பருவமும் முடிவதால், ஆனியில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குக் குறிகட்டுவான் துறையில் படகேறுவோர், உள்ளூர்ப் பழத்தைச் சுவைக்க விரும்பினால், மாசி கடைசியிலோ பங்குனி முற்பாதியிலோ ஒருமுறை தனியாக வர வேண்டும்.