அலகும் பால்குடமும்: பத்துமலைக் காட்சி குறித்துச் சில எண்ணங்கள்

தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளில் ஏறி நேர்த்திக்கடன் செலுத்துவோருள் பெரும்பாலோர் பால்குடம் ஏந்துபவர்கள். ஆயினும் அத்திருநாளைக் குறித்த படங்களிலும் எழுத்துகளிலும் முதலிடம் பெறுவது அலகு குத்திய உடலே. பினாங்குத் தைப்பூசத்தை ஆராயும் எலிசபெத் ஃபுல்லர் காலின்ஸின் ஆங்கில நூல் 1997இல் வெளிவந்தது. சடங்கு, அதிகாரம், அறவழி மீட்சி எனத் துணைத்தலைப்பு விரிகிறது. முதன்மைத் தலைப்போ முருகனின் வேலால் துளைக்கப்படுதலைச் சுட்டுகிறது. வாசகரை உள்ளே அழைக்க அலகே தேவைப்பட்டது போலும்.

மெய்யனுபவத்தைத் தேடிக் கலையையும் தத்துவத்தையும் நாடி, அவற்றிலும் நிறைவுறாது உடலைச் சிலிர்க்கவைக்கும் சாகசங்களுக்குச் செல்லும் இன்றைய மனிதரை இக்காட்சி ஈர்ப்பதில் வியப்பில்லை. அவர் காண விழைவது வலியின் உச்சத்தை. அடியாரை அங்குக் கொணர்ந்ததோ ஒரு வேண்டுதல். காவடிக் கதையின் இடும்பன் இரு மலைகளைச் சுமந்தானேயன்றித் தன் உடலைத் துளைத்துக்கொண்டானல்லன். சுமையே காவடியின் முதற்பொருள். பிள்ளையின் நோய் தீர வேண்டி, புலால் நீக்கித் தரையில் உறங்கிய விரத நாள்கள் எந்தப் படத்திலும் பதிவதில்லை.

குறையை அயலார்மேல் மட்டும் சுமத்துதல் முறையன்று. கிள்ளான் பள்ளத்தாக்கின் நம் இளைஞருள்ளும் விரதத்தைச் சுருக்கிக் காவடியைப் பெருக்குவோர் உளர். நானும், அயல்நாட்டில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்ட காலத்தில், தைப்பூசம் பற்றிய கருத்தரங்க உரைக்கு அலகுப் படத்தையே திரையிட்டேன். அவையோர் வியந்தனர். அதே படிகளில் பால்குடத்துடன் நின்ற என் தாயாரின் படமும் என்னிடம் இருந்தது. அதனை நான் காட்டவில்லை.