ஆக்டிவ் டைரக்டரியில் டெலீட்: தப்பு நம்முடையது மட்டும்தானா?

பல வருஷங்களுக்கு முன் ஒரு பழைய கணக்கை டெலீட் செய்தேன். கடைசி லாகின் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் செய்தேன். ஒரு வருஷத்துக்கு முந்தைய தேதி. அன்று ராத்திரி பேக்கப் ஓடவில்லை. அது ஓடிக்கொண்டிருந்ததே அந்தக் கணக்கில்தான்!

அதே பெயரில் புதுக் கணக்கு போட்டேன். பிரயோஜனமில்லை. உரிமைகளைத் தீர்மானிப்பதற்கு விண்டோஸ் பெயரைப் பார்க்காது, எஸ்ஐடி என்ற அடையாள எண்ணைத்தான் பார்க்கும். புதுக் கணக்குக்குப் புது எண். பழைய உரிமையெல்லாம் பழைய எண்ணோடு போச்சு.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. நான் பார்த்தது 'லாஸ்ட்லாகான்'. இது ஒரு டொமைன் கன்ட்ரோலரிலிருந்து இன்னொன்றுக்குப் போகாது. பேக்கப் சர்வர் வேறொரு கன்ட்ரோலரில் லாகின் ஆகிக்கொண்டிருந்தது. மற்றவற்றுக்கும் பரவுவது 'லாஸ்ட்லாகான்டைம்ஸ்டாம்ப்'. அதுவும் 14 நாள் வரை பின்தங்கியிருக்கலாம். கிட்டத்தட்ட ஒரே பெயர், இரண்டு அர்த்தம். சரிபார்க்காதது என் தப்பு. ஆனால் இப்படிப் பெயர் வைத்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு என்பேன்.

டெலீட் செய்ததும் பொருள் உடனே மறையாது, 'டூம்ஸ்டோன்' ஆகும். இது நியாயமான வடிவமைப்பு. நீக்கிய செய்தி எல்லாக் கன்ட்ரோலருக்கும் போய்ச் சேர அவகாசம் வேண்டும். அந்த அவகாசம் முதலில் 60 நாள், 2003 சர்வீஸ் பேக் 1-லிருந்து புது ஃபாரஸ்ட்களில் 180 நாள். என் குறை வேறு. டூம்ஸ்டோன் ஆகும்போதே குழு உறுப்பினர் விவரம் உட்படப் பெரும்பாலான தகவல்கள் உரிக்கப்பட்டுவிடும். நம்ம ஊர் நடுகல்லில்கூட வீரன் பேரும் அவன் செத்த காரணமும் இருக்கும். இதில் அந்த அளவுக்கும் மிஞ்சாது.

விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2-ல் ரீசைக்கிள் பின் வந்தது. குழுக்களோடு முழுசாக மீட்கலாம், அருமை. ஆனால் அது அணைத்த நிலையிலேயே வந்தது. நாமாக இயக்க வேண்டும், இயக்கினால் திரும்ப அணைக்க முடியாது. அதற்குமுன் நீக்கியவை அதன்வழி மீளாது. தேவை புரிகிற நாளில் அது உதவாது என்று அர்த்தம். தற்செயலாக நீக்குவதைத் தடுக்கும் டிக் பெட்டியும் அப்படித்தான். திரையில் ஓயூ உருவாக்கினால் தானாக டிக் ஆகியிருக்கும், பயனர் கணக்குக்கு இருக்காது.

ஆகவே நான் இப்போது நேராக டெலீட் செய்வதில்லை. முதலில் டிஸேபிள். எஸ்ஐடி, குழுக்கள் எல்லாம் அப்படியே இருக்கும், சிக்கல் வந்தால் ஒரே கிளிக்கில் திரும்பும். நீக்கிய தேதியையும் காரணத்தையும் டிஸ்கிரிப்ஷனில் எழுதி, தனி ஓயூவுக்கு நகர்த்திவிடுவேன். ஆனால் அந்த ஓயூவுக்கு வேறு பாலிசி இருந்தால் அதுவும் மாறும், பார்த்துக்கோங்க. மாதக் கடைசியிலும் காலாண்டு முடிவிலும் மட்டும் ஓடும் வேலைகள் உண்டு. அவை ஒரு சுற்று முடியும்வரை காத்திருப்பேன். அதற்குப் பிறகும் யாரும் போன் பண்ணவில்லை என்றால்தான் டெலீட்.

மென்பொருளே இந்த வரிசையைக் கேட்டிருக்கலாம். கேட்காததால் நாம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.