பத்தாயிரம் மணி நேரமும் ஒரு மகமையும்

போன மாசம் ஆபீஸ் டிரெயினிங்கில் மறுபடியும் அந்த ஸ்லைடு: பத்தாயிரம் மணி நேரம் உழைத்தால் எவரும் ஜெயிக்கலாம். ஆதாரம், மால்கம் கிளாட்வெல்லின் 'அவுட்லையர்ஸ்' (2008).

எங்க அப்பா திருச்சுழிப் பக்கம் மானாவாரிக் கரிசலில் 40 வருஷம் பாடுபட்டவர். வருஷத்துக்கு 150 நாள், நாளுக்கு 8 மணி என்று குறைத்தே போட்டாலும் 48,000 மணி நேரம். மிஞ்சியது கடன்.

அந்த எண்ணின் மூலம், ஆண்டர்ஸ் எரிக்சன் குழு 1993-ல் வெளியிட்ட பெர்லின் வயலின் மாணவர் ஆய்வு. அது 20 வயதுக்குள் சிறந்த மாணவர்கள் எட்டிய சராசரி, அவ்வளவுதான். அவர்களிலேயே பாதிப் பேர் அதைத் தொடவில்லை என்று எரிக்சனே பிறகு விளக்கினார். கிளாட்வெல்லும் பிறந்த காலம், குடும்பம், வாய்ப்பு பற்றி நிறையவே எழுதியிருக்கிறார். நிர்வாக வகுப்புகள் அதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டன.

பக்கத்து அருப்புக்கோட்டையைப் பாருங்க. அங்கே நாடார் வியாபாரிகள் எழுந்த கதையை ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-ல் நூலாக எழுதினார். அதில் முக்கியமாக வருவது மகமை. கைமாறும் சரக்குக்கு இவ்வளவு என்று பொதுநிதிக்குப் போகும் பங்கு. அப்படிச் சேர்ந்த பணம்தான் 1889-ல் விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை ஆனது. உழைப்பு இல்லாமலில்லை, அதற்குப் பின்னால் ஊர்ப்பணமும் இருந்தது. அது ஒரு சாதி தனக்குள் கட்டிக்கொண்ட ஏற்பாடு என்பதையும் மறைக்கக் கூடாது.

அப்பாவுக்கு அப்படி ஒரு மகமை இல்லை. அந்த ஸ்லைடோ அவரைப் பார்த்து, 'நீ பத்தலை' என்கிறது. எனக்கு வலிப்பது அதுதான்.