கொழுந்துக்கு எத்தனை எழுத்து?

மூன்று மாத காலமாக, சனிக்கிழமைதோறும் பிற்பகல் மூன்று மணி முதல் இருட்டும் வரையில், ஹட்டனுக்கு அப்பாலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், முன்பு பிள்ளைமடுவமாக இருந்து இப்போது வாசிகசாலை என்று பெயர் மாறியிருக்கும் ஓர் அறையில், பதினொரு பிள்ளைகளோடும் மூன்று பழைய மடிக்கணினிகளோடும் ஸ்க்ராட்ச் என்னும் மென்பொருளை உபயோகித்து வந்த அனுபவத்தைக்கொண்டு இதை எழுதுகிறேன். ஸ்க்ராட்ச் இன்னதென்று இந்நாளில் விஸ்தரிக்க வேண்டியதில்லை. வர்ணக் கட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால் திரையிலுள்ள பூனை நடக்கும், பேசும், பந்து பிடிக்கும். நம் இலங்கைப் பாடநூல்களிலும் அது இடம் பெற்றுவிட்டது. ஆகவே அதன் அங்கலக்ஷணங்களை வரிசையாக எடுத்துரைக்கும் உத்தேசம் எனக்கில்லை. அதிலுள்ள நூற்றுச் சொச்சம் கட்டைகளில் ஒரே ஒரு பச்சைக் கட்டையைப் பற்றித்தான் பிரதானமாகச் சொல்லப் போகிறேன். ஏனெனில் அந்தக் கட்டை என்னுடைய ஆறு வாரங்களை விழுங்கிவிட்டது.

விஷயம் இப்படித் தொடங்கிற்று. எட்டாந்தரம் படிக்கும் ஒரு சிறுமி, மறைத்து வைத்த சொல்லை எழுத்தெழுத்தாக ஊகித்துக் கண்டுபிடிக்கும் விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள். மறைத்து வைக்க அவள் தேர்ந்த முதற்சொல், அவளுடைய தாயார் அன்று காலையிலும் மலையில் பறித்து மடுவத்தில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த கொழுந்து. அந்தச் சொல்லின் நீளத்தைக் கூறும்படி பச்சைக் கட்டையைக் கேட்டுவிட்டு, சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள், என்னைக் கூப்பிட்டாள்.

“சேர், இங்க வந்து பாருங்க. கொழுந்துக்கு நாலு எழுத்துத்தானே? இது எட்டுன்னு சொல்லுது.”

நான் பதில் சொல்வதற்குள், பக்கத்தில் இருந்த பையன் சிரித்துக்கொண்டே, “மடுவத்துத் தராசு இப்படிக் காட்டினா எங்கம்மாவுக்கு நல்லா இருக்கும், சேர்!” என்றான். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று நிறையைக் கழித்துக் கழித்தே கேட்டுப் பழகிய பிள்ளைகளுக்கு, இருப்பதைவிடக் கூட்டிச் சொல்லும் யந்திரம் ஓர் அதிசயமாகத்தான் இருந்திருக்கும்.

எட்டு எங்கிருந்து வந்தது என்பதை விளக்குவது கடினமன்று. யூனிகோடு என்னும் சர்வதேச எழுத்துக் குறியேற்றத்தில், உயிரெழுத்துகளுக்கும் ஆய்தத்துக்கும் அகரமேறிய மெய்களுக்கும், பின்னர் கால், கொம்பு, புள்ளி முதலிய குறிகளுக்குமே தனித்தனி எண் உண்டு. ஏனைய எழுத்துகள் எல்லாம் அவற்றை அடுத்தடுத்து வைத்து ஆக்கப்படுபவை. கொழுந்து என்னும் சொல்லை யந்திரம் க, அதன் ஒகரக் குறி, ழ, அதன் உகரக் குறி, ந, புள்ளி, த, மறுபடியும் உகரக் குறி என்று எட்டு உருப்படிகளாகவே வைத்திருக்கிறது. ஸ்க்ராட்ச் அவற்றை எண்ணிச் சொல்லிவிடுகிறது. இதிலுள்ள வேடிக்கையைத் தமிழ் வாத்தியார்கள் கவனிக்க வேண்டும். ஒரு மாத்திரை பெறும் ந என்பது யந்திரத்துக்கு ஒன்று. அரை மாத்திரையே பெறும் ந் என்பது, தலையிற் புள்ளி ஏறியதால், இரண்டு! மெய்யை முதலாக வைத்து, உயிர் வந்து ஏறினால் உயிர்மெய் பிறக்கும் என்று சொன்ன நம் வியாகரணத்தைத் தலைகீழாகப் பிடித்த கணக்கு இது. 2010-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசாங்கம் யூனிகோடோடு சேர்த்து அங்கீகரித்த டேஸ்-16 என்னும் முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு தனி எண் உண்டாகையால், அதன்படி கொழுந்துக்கு நான்கே வந்திருக்கும். ஆனால் உலகம் அந்த வழியில் போகவில்லை.

எண்ணிக்கையோடு நின்றிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன். சொல்லின் முதலெழுத்தைக் கேட்டால் ‘க’ என்கிறது. அப்படியோர் எழுத்தே அந்தச் சொல்லில் இல்லை. இரண்டாம் எழுத்தைக் கேட்டால், நடுவே புள்ளிகளாலான ஒரு வெற்று வட்டமும் அதன் இருபுறமும் ஒரு கொம்பும் காலுமாக, ஆளில்லாத பல்லக்கைப் போன்ற ஓர் உருவத்தைக் கொண்டுவந்து காட்டுகிறது. விளையாடும் குழந்தை ‘க’ என்று ஊகித்தால் ‘சரி’ என்கிறது. ‘கொ’ என்று ஊகித்தால், ஓர் இடத்தில் இரண்டு உருப்படிகள் வந்து நிற்பதைக் கண்டு திகைத்து, ‘பிழை’ என்கிறது. தமிழ் தெரிந்தவன் தோற்று, தெரியாதவன் ஜெயிக்கும் சொல் விளையாட்டு ஒன்றை ஒரு சிறுமி தன் குற்றமின்றியே செய்து முடித்திருந்தாள்.

ஸ்க்ராட்சின் மீது எனக்குள்ள பழைய அபிமானத்தையும் இங்கே ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஊடக ஆய்வுகூடத்தில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழுவினர் 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட முதற்பதிப்பு ஸ்குவீக் என்னும் ஸ்மால்டாக் மொழியில் எழுதப்பட்டிருந்தது. அந்த வம்சத்தில் வந்த 1.4-ஆம் பதிப்பில் ஓர் இரகசியக் கதவு உண்டு: திரையின் மேலிருந்த பெயர்ச்சின்னத்தில், ஆர் என்னும் ஆங்கில எழுத்தின் வளைவுக்குள் ஷிஃப்ட் விசையோடு அழுத்தினால் ஒரு பட்டியல் விரியும், அதன் வழியே போனால் பூனையும் கட்டைகளும் சட்டத்தினின்று விலகி, அவற்றை ஆட்டுவிக்கும் ஸ்குவீக் உலகம் முழுவதும் கண்முன் தோன்றும். அங்கே எதையும் திறக்கலாம், எதையும் மாற்றலாம். அந்தக் கதவின் வழியே நுழைந்தவர்களால் ஸ்க்ராட்ச் எத்தனையோ ரூபங்களை எடுத்தது. ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கையளவு கணினியில் அது நத்தையாக ஊர்ந்தபோது, டிம் ரௌலெஜ் என்னும் ஸ்குவீக் நிபுணர் அதைப் புதிய ஸ்குவீக்குக்குக் குடிபெயர்த்து, வேகத்தைப் பன்மடங்காக்கிக் கொடுத்தார். மூலப்படைப்போ 2013-இலேயே ஃபிளாஷுக்கு மாறியிருந்தது. ஃபிளாஷின் அந்திமக் காலம் நெருங்கவே, 2019 ஜனவரியில் ஜாவாஸ்கிரிப்டுக்கு மாறிற்று. இவ்வாறு வீடு மாறிய ஒவ்வொரு தடவையும் சாமான்கள் பத்திரமாக வந்து சேர்ந்தன. அந்தச் சிறு கதவு மட்டும் முதல் மாற்றத்தோடேயே போய்விட்டது.

இப்போதைய மூன்றாம் பதிப்பின் மூலநிரல் பகிரங்கமாகவே கிடைக்கிறது. விரும்பியவர்கள் எடுத்துத் திருத்தலாம், திருத்தியதற்கு ஸ்க்ராட்ச் என்ற பெயரையும் பூனையையும் சூட்டாதிருந்தால் போதும். ஆனால் கதவைத் திறப்பது ஒரு காரியம். வீட்டைப் பிரித்துக் கட்டுவது வேறு காரியம். அதைத் தொகுக்கத் தேவையான உபகரணப் பொதிகளை இறக்குவதற்குத் தோட்டத்து இணையம் போதாதென்று, இரண்டு சனிக்கிழமைகள் ஹட்டன் நகரத்துக்குப் போய் ஒரு நண்பர் வீட்டில் உட்கார்ந்திருக்க நேர்ந்தது. இத்தனை ஆயத்தத்துக்கும் பிறகு, திருத்த வேண்டியிருந்தவை ஒரே கோப்பிலுள்ள இரண்டு இடங்கள்: ஒன்று நீளம் சொல்லும் பகுதி, மற்றொன்று இன்ன எழுத்தைக் கொடு என்னும் பகுதி. ஜாவாஸ்கிரிப்டிலேயே, சொல்லைப் படிப்பவன் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளாகப் பிரித்துத் தரும் ‘செக்மென்டர்’ என்னும் கருவி இருக்கிறது; 2020-இல் குரோமில் வந்துவிட்ட அது, ஃபயர்ஃபாக்ஸுக்கு 2024-இல்தான் வந்து சேர்ந்தது. அதனிடம் ஒப்படைத்ததும் கொழுந்துக்கு நான்கு எழுத்து என்ற நியாயமான தீர்ப்புக் கிடைத்தது. பெயர் சூட்டும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் விட்டேன். ‘மடுவம்’ என்று வைத்தார்கள். சரியாக நிறுக்கும் மடுவம் ஒன்றாவது தோட்டத்தில் இருக்கட்டுமே என்பது அவர்கள் சொன்ன காரணம்.

கை வைத்ததுதான் வைத்தாயிற்று, கட்டைகளின் மேலுள்ள வாசகங்களையும் தமிழாக்கிவிடலாம் என்று துணிந்தேன்; எங்களிடம் இருந்த பதிப்பின் மொழிப்பட்டியலில் தமிழ் இருக்கவில்லை. இதில் ஓர் எதிர்பாராத சந்தோஷம் இருந்தது. ஒவ்வொரு வாசகத்திலும் வரும் துளைகளுக்கு 1, 2 என்று எண்ணிட்டிருப்பதால், அவற்றை முன்பின்னாக மாற்றிவைக்க இடமுண்டு. ‘இப்படியானால்’ என்ற சொல்லை முதலில் நிறுத்திப் பிறகு நிபந்தனையைக் கேட்பது ஆங்கிலத்தின் சுபாவம். நிபந்தனையை முதலில் சொல்லி ‘எனில்’ என்று முடிப்பது நம்முடைய சுபாவம். துளையை முன்னே நகர்த்தியதும் கட்டை தமிழாகப் பேசத் தொடங்கிற்று. ‘பத்து அடி நகர்’ என்பதில் வினை கடைசியில் வந்து உட்கார்ந்தபோது எனக்கு உண்டான நிம்மதியைச் சொல்லி முடியாது.

வேற்றுமையுருபுகள்தாம் மானத்தை வாங்கின. ஒன்றனுடைய குணத்தைக் கேட்கும் கட்டையில் ‘இன்’ என்று போட்டால், துளையிலே பூனை வந்து விழும்போது ‘பூனை இன் அளவு’ என்கிறது. ‘பூனையின்’ என்று புணர அதற்குத் தெரியாது. ‘உடைய’ என்று மாற்றினேன். ‘பந்து உடைய’ என்று வந்ததும், பந்து உடைந்துவிட்டதென்று ஒரு வாண்டு சிரித்தான். கடைசியில் ஒரு முக்காற்புள்ளியைப் போட்டுச் சமாதானம் ஆனேன். சந்தி இலக்கணம் தெரிந்த கட்டையை யாராவது செய்து தந்தால் அவருக்கு நான் மாலை போடுவேன்.

ஆனால் இந்த விமர்சனத்தை முழுவதும் திருப்பிவிட்ட சங்கதி இனித்தான் வருகிறது. ‘மடுவம்’ எங்கள் மூன்று கணினிகளில் மிகப் பழையதில் ஓட மறுத்துவிட்டது. அதற்கென்று ஸ்நாப் என்னும் மென்பொருளை இறக்கி வைத்தேன். இதுவும் ஸ்க்ராட்சைத் திருத்தப் புகுந்தவர்களின் கைவேலையே: ஜெர்மானியரான யென்ஸ் மோனிக்கும் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துப் பிரையன் ஹார்வியும், உன் கட்டையை நீயே செய்துகொள் என்னும் பொருள்படும் பெயரில் பழைய ஸ்க்ராட்சை விரித்துக் கட்டியதும், பிறகு அதை ஜாவாஸ்கிரிப்டில் அடியோடு புதிதாக எழுதியதும் இந்த ஸ்நாப் ஆயிற்று. உலாவியிலே ஓடுகிறது, மொத்தமாக இறக்கி வைத்துக்கொண்டால் இணையமும் வேண்டாம், பட்டியலில் தமிழும் இருக்கிறது. தோற்றத்தில் ஸ்க்ராட்சைவிடச் சற்று நிறம் மங்கியது, பூனையின் சேட்டைகள் இல்லாதது என்பதால் பிள்ளைகள் முதலில் அதை மாற்றாந்தாயாகவே பார்த்தார்கள்.

ஸ்க்ராட்சிலும் குழந்தை தானே கட்டை செய்யலாம். ஆனால் அந்தக் கட்டை காரியம் செய்யுமேயன்றி விடை சொல்லாது. ஸ்நாபில் செய்யும் கட்டை விடையும் சொல்லும். மேற்படி சிறுமியிடம், ஓர் எழுத்துக்குரிய யூனிகோடு எண்ணைக் கூறும் கட்டை ஒன்று அதில் இருப்பதை மாத்திரம் காட்டிவிட்டு, நான் தேநீர் குடிக்கப் போய்விட்டேன். அவள் ஒவ்வொரு குறியாகப் போட்டுப் பார்த்து எண்களைக் கொப்பியில் எழுதிக்கொண்டே போயிருக்கிறாள். கால் 3006. புள்ளி 3021. கொம்புகளும் சுழிகளும் இரண்டுக்கும் இடையில். ஆய்த எழுத்தோ 2947, எல்லைக்கு வெளியே. அடுத்த சனிக்கிழமை அவள் செய்து காட்டிய கட்டையில் இருந்தது ஒரே விதி: எண் 3005-க்கு மேலும் 3022-க்குக் கீழும் இருந்தால் அது தனியெழுத்தன்று, முன்னாலிருப்பதோடு ஒட்டிவிடு, இல்லையேல் புது எழுத்தாக எண்ணு. பைத்தன் மொழியில் எழுதுவோருக்கு, ‘எழில்’ என்னும் தமிழ் நிரல்மொழியை ஆக்கிய முத்து அண்ணாமலையின் முயற்சியால் கிளைத்த ஓப்பன்-தமிழ் நூலகத்தில் இதே வேலையைச் செய்யும் பகுதி ஆயத்தமாகக் கிடைக்கிறது. அதைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் ஹட்டனுக்கும் தோட்டத்துக்குமாக அலைந்து, பிறர் செய்த கருவியை வாங்கிப் பொருத்திச் சாதித்ததை, அவள் லயத்துத் திண்ணையில் கொப்பியோடு உட்கார்ந்து சாதித்துவிட்டாள்.

ஆகவே என் அபிப்பிராயம் இது: ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஸ்க்ராட்சே போதும், அதற்கு நிகர் வேறில்லை, தமிழை எழுத்தெழுத்தாகக் கையாள நினைக்கும் பதின்மூன்று வயதுக்கு ஸ்நாபைக் கொடுங்கள். ‘மடுவம்’ வேண்டுவோர் ஒரு பென்டிரைவோடு வாசிகசாலைக்கு வந்தால் பிள்ளைகளே பிரதி செய்து தருவார்கள்.

அவளுடைய கட்டையிலும் செக்மென்டரிலும் ஒரே குறை பாக்கி இருக்கிறது. ஸ்ரீ என்னும் எழுத்தை இரண்டுமே ஸ், ரீ என்று உடைத்துவிடுகின்றன. ஆகையால், பனி விலகும் நாட்களில் எங்கள் ஜன்னலில் தெரிகின்ற ஸ்ரீபாதத்துக்கு நான்கு எழுத்து என்பதற்குப் பதிலாக இரண்டுமே இன்னமும் ஐந்து என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கின்றன.